உரைகல்லில் சீன வைத்தியம்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் போதும், உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். "கஷாயம் வைத்துக் கொடுத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்பார் பாட்டி. "அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது, டாக்டரிடம் அழைத்துப் போகலாம்" என்பார் அப்பா. பழையதெல்லாம் பொன் என்பது ஒரு கட்சி. பழையதெல்லாம் பித்தளை என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பொன்னா, பித்தளையா என்று அறிய மணிக்கணக்கில் வாதாட வேண்டியதில்லை. உரைகல்லில் உரைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த வழக்கு நம் வீடுகளில் மட்டும் நடப்பதன்று. உலகின் மிகப் பழைய மருத்துவ முறைகளுள் ஒன்றாகிய சீன வைத்தியத்தைப் பற்றியும் இதே வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதன் சில பகுதிகளை விஞ்ஞானிகள் உரைகல்லில் உரைத்துப் பார்த்தனர். ஒன்று மாற்றுக் குறையாத பொன்னாக இருந்தது. மற்றொன்று பொன்னும் செம்பும் கலந்ததாக இருந்தது. பிறிதொன்று கொடிய நஞ்சாகவே இருந்தது. இம்மூன்றின் வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

சீன வைத்தியம் என்பது யாது?

சீன வைத்தியத்தின் மூல நூல் 'மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவ நூல்' என்பதாகும். இது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தொகுக்கப்பட்டது. உடலிலே 'சீ' என்னும் உயிராற்றல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தடையின்றி ஓடும்வரை உடல் நலமாயிருக்கும். தடைப்பட்டாலோ, மிகுந்தாலோ, குறைந்தாலோ நோய் உண்டாகும் என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்து. வெப்பமும் ஒளியும் 'யாங்' எனப்படும். குளிர்ச்சியும் நிழலும் 'யின்' எனப்படும். இவ்விரண்டும் தராசுத் தட்டுகளைப் போலச் சமமாக நிற்க வேண்டும். நம் சித்த வைத்தியர் நாடி பிடித்து வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் நிலையை அறிவது போலவே, சீன வைத்தியரும் இரு மணிக்கட்டுகளிலும் விரல் வைத்து நாடி பார்க்கிறார். நாக்கின் நிறத்தையும் உற்று நோக்குகிறார்.

'சீ' ஓடுவதற்கு உடலில் 12 முக்கியத் தடங்கள் உண்டு என்பர். அத்தடங்களில் குறிப்பிட்ட இடங்களிலே மயிரிழை போன்ற மெல்லிய ஊசிகளைச் செருகுவதே அக்குபங்சர். இச்சொல் சீனச் சொல் அன்று. இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலத்தீன் மொழியில் 'ஆக்குஸ்' என்றால் ஊசி. 'புங்க்தூரா' என்றால் குத்துதல். உலக சுகாதார நிறுவனம் 2008இல் 361 புள்ளிகளின் அமைவிடங்களை வரையறுத்து வெளியிட்டது. ஊசி வைப்பதோடு, உலர்ந்த மூலிகைப் பஞ்சைத் தோலருகே கொளுத்திச் சூடு காட்டுவதும் உண்டு. மூலிகைக் கஷாயம், உடம்பைப் பிடித்துவிடுதல், பத்திய உணவு ஆகியவையும் இம்முறையின் அங்கங்களே.

மூலிகைகளைப் பற்றிச் சீனர் எழுதிய நூல்கள் பல. அவற்றுள் லீ ஷிசென் என்னும் வைத்தியர் 27 ஆண்டுகள் உழைத்து எழுதிய நூல் புகழ் பெற்றது. 1596இல் அச்சேறிய அந்நூலில் 1,892 மருந்துப் பொருள்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

1949இல் புதிய சீன அரசு அமைந்தபோது அந்தப் பெரிய நாட்டுக்குப் போதிய அளவில் மேல்நாட்டு முறை டாக்டர்கள் இல்லை. ஆகவே பழைய வைத்தியத்தையும் புதிய மருத்துவத்தையும் சேர்த்தே வளர்க்க அரசு முடிவு செய்தது. 1955இல் பெய்ஜிங்கில் சீன மரபு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சீன வைத்தியக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இன்று சீனத்தின் பல மருத்துவமனைகளில் எக்ஸ்ரே படம் எடுக்கும் அறையும், கஷாயம் தயாரிக்கும் அறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் காணலாம்.

பேரரசர் குடித்த கொயினா

மருந்தைச் சோதித்துப் பார்ப்பது என்பது நேற்று வந்த வழக்கமன்று. அதற்கு ஓர் இனிய வரலாறு உண்டு.

1693ஆம் ஆண்டு சீனப் பேரரசர் காங்ஷி முறைக்காய்ச்சலால் படுத்தார். இன்று நாம் மலேரியா என்று சொல்வது அதுவே. அரண்மனை வைத்தியர்களால் அக்காய்ச்சலை விரட்ட முடியவில்லை. அவ்வேளையில் இயேசு சபைக் குருக்களாகிய ஃபோந்தனே அடிகளும் வித்லு அடிகளும் தென்னமெரிக்க மரத்தின் பட்டையாகிய கொயினாவைக் கொண்டுவந்து கொடுத்தனர். அது அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? நம் புதுச்சேரியிலிருந்து! அங்கே இருந்த தோலு அடிகள் அன்புடன் அனுப்பி வைத்திருந்த ஒரு பவுண்டு கொயினாவே அது.

புதிய மருந்தைப் பேரரசர் உடனே விழுங்கிவிடவில்லை. முதலில் அதே காய்ச்சல் கண்ட நோயாளிகள் சிலருக்கு அது கொடுக்கப்பட்டது. அவர்கள் குணமடைந்தனர். பின்னர் நோயற்ற பிரபுக்கள் நால்வர் அதனைக் குடித்துப் பார்த்தனர். அவர்களுக்கும் தீங்கு நேரவில்லை. அதன் பிறகே பேரரசர் குடித்தார், குணமானார். நன்றியறிதலாக அக்குருக்களுக்குத் தம் அரண்மனை நகருக்குள்ளேயே ஒரு வீட்டை வழங்கினார். பெய்ஜிங் நகரின் புகழ்பெற்ற வடக்குத் தேவாலயத்தின் தொடக்கம் அதுதான்.

அன்று மேல்நாட்டாரிடமிருந்து சீனம் மலேரியா மருந்தைப் பெற்றுக்கொண்டது. இருநூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பின் சீனம் அந்தக் கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. கொடுத்தவர் ஒரு பெண்மணி.

ஓர் ஏட்டில் ஒளிந்திருந்த மருந்து

அவர் பெயர் தூ யூயூ. 1930 டிசம்பர் 30ஆம் நாள் நிங்போ நகரில் பிறந்தார். நான்கு சகோதரர்களோடு பிறந்த ஒரே பெண் குழந்தை. 'யூயூ' என்பது மான் எழுப்பும் ஒலி. சீனரின் பழம்பெரும் பாடல் தொகுதி ஒன்றில், மான்கள் ஒரு காட்டுச் செடியை மேயும் காட்சி வருகிறது. அதிலிருந்து அவருடைய தந்தை இப்பெயரை எடுத்தார். அக்காட்சியில் வரும் செடியின் இனத்திலேயே மகள் பின்னாளில் மருந்து காண்பாள் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

யூயூவுக்கு 16 வயதில் காசநோய் கண்டது. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போக முடியவில்லை. நோயின் துன்பத்தைத் தாமே அனுபவித்த அப்பெண், மருந்தியல் படிப்பதென்று உறுதி கொண்டார். 1955இல் பட்டம் பெற்று, முன்னே சொன்ன மரபு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். புதிய மருந்தியலைக் கற்றிருந்த அவர், பின்னர் இரண்டரை ஆண்டுகள் பழைய சீன வைத்தியத்தையும் முறையாகப் பயின்றார்.

அந்நாளில் வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. காடுகளில் முகாமிட்ட படைவீரர்கள் மலேரியாவால் பெருந்தொகையாகப் படுத்தனர். அதுவரை கைகொடுத்த குளோரோகுவின் மருந்து பல இடங்களில் பயன்படாமற் போயிற்று; நோய்க்கிருமி அம்மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. வட வியட்நாம் சீனத்திடம் உதவி கேட்டது. 1967 மே 23ஆம் நாள் சீனம் ஓர் இரகசிய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. மே மாதம் 23ஆம் நாள் தொடங்கியதால் அதற்கு '523 திட்டம்' என்று பெயர். 1969 ஜனவரியில் அதன் ஒரு குழுவுக்கு யூயூ தலைவியானார்.

அதே ஆண்டு மலேரியா மிகுந்த ஹைனான் தீவுக்கு அவர் அனுப்பப்பட்டார். கணவரோ வேலையின் பொருட்டு நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். இரண்டு பெண் குழந்தைகளில் மூத்தவளை மழலைப் பள்ளியிலும், இளையவளை நிங்போவில் தாத்தா பாட்டியிடமும் விட்டுச் சென்றார். நெடுநாள் கழித்துப் பார்த்தபோது குழந்தைகளுக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. மலேரியாவால் பிறர் பிள்ளைகள் சாவதைத் தடுக்க, தம் பிள்ளைகளின் பிரிவை ஏற்றுக்கொண்ட தாய் அவர்.

யூயூவும் அவர் குழுவினரும் பழைய ஏடுகளைப் புரட்டினர். முதிய வைத்தியர்களைக் கண்டு பேசினர். 2,000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினர். அவற்றுள் 640 குறிப்புகளை ஒரு தொகுப்பாக்கினர். ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகளை எடுத்து மலேரியா கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 'சிங்ஹாவ்' என்னும் செடியின் சாறு ஒரு முறை நல்ல பலன் தந்தது. மறுமுறை செய்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. ஏன்?

விடை 1,600 ஆண்டுப் பழமையான ஓர் ஏட்டில் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹாங் என்பவர் அவசர நோய்களுக்கான கையேடு ஒன்று எழுதியிருந்தார். முறைக்காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அச்சாற்றைக் குடிக்க வேண்டும் என்பது அதில் கண்ட குறிப்பு. அதைத் திரும்பத் திரும்பப் படித்த யூயூவுக்குச் சட்டென்று ஓர் எண்ணம் உதித்தது. வழக்கமாக மூலிகையைக் கொதிக்க வைத்தல்லவா கஷாயம் எடுப்பார்கள்? இவர் ஊறவைத்துப் பிழியச் சொல்கிறாரே! அப்படியானால் கொதிக்க வைக்கும்போது மருந்துச் சத்து சூட்டில் அழிந்துவிடுகிறதோ?

உடனே முறையை மாற்றினார். உடற்சூட்டுக்கும் குறைவாக, சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதர் என்னும் திரவத்தைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4ஆம் நாள், 191ஆம் எண்ணிட்ட சாறு எலிகளின் இரத்தத்திலிருந்த மலேரியாக் கிருமிகள் அனைத்தையும் அழித்தது. குரங்குகளிலும் அதே பலன் கிடைத்தது.

போதிய கருவிகள் இல்லாத காலம் அது. வீடுகளில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பெரிய தொட்டிகளிலேயே ஈதரை ஊற்றிச் சாறு எடுத்தனர். காற்றோட்டமில்லாத அறையில் அந்த ஆவியைச் சுவாசித்ததால் குழுவினர் பலர் நோயுற்றனர். யூயூவின் கல்லீரலும் பாதிக்கப்பட்டது. இனி இம்மருந்தை மனிதருக்குக் கொடுக்கலாமா? யாருக்கு முதலில் கொடுப்பது? 1972 ஜூலை மாதம் யூயூவும் உடன் பணியாற்றிய இருவரும் மருத்துவமனையில் சேர்ந்து, மருந்தைத் தாமே உட்கொண்டனர். தீங்கு ஏதும் நேரவில்லை. காங்ஷி பேரரசருக்காகப் பிரபுக்கள் நால்வர் குடித்துப் பார்த்தார்கள் அல்லவா? இங்கே ஏழைப் படைவீரனுக்காக விஞ்ஞானியே குடித்துப் பார்த்தார்.

பின்னர் ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, இரத்தத்தில் கிருமிகள் மறைந்தன. அதே ஆண்டு நவம்பரில் சிங்ஹாவ் செடியின் மருந்துச் சத்து தூய படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு ஆர்ட்டெமிசினின் என்று பெயர். யுன்னான், ஷாண்டோங் மாநில ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியே இதைப் பிரித்தெடுத்தனர். ஆகவே இது ஒருவர் மட்டும் இழுத்த தேரன்று. நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்த தேர்.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது? ஆர்ட்டெமிசினின் மூலக்கூற்றில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து ஒரு பாலம் போல நிற்கின்றன. மலேரியாக் கிருமி நமது இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து அதிலுள்ள ஹீமோகுளோபினைத் தின்னும்போது இரும்புச் சத்து கலந்த பொருள் வெளிப்படுகிறது. அவ்விரும்பு பட்டதும் ஆக்சிஜன் பாலம் உடைகிறது. உடைந்த துண்டுகள் கிருமியின் உறுப்புகளைத் தாக்கி அதைக் கொல்கின்றன. கிருமி தின்ற உணவே அதற்குக் கேடாக முடிகிறது!

ஆயினும் இம்மருந்து சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். எஞ்சிய கிருமிகளை ஒழிக்க, உடலில் நெடுநாள் தங்கும் வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இக்கூட்டு மருந்தையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதி தூ யூயூவுக்கு வழங்கப்பட்டது. மறுபாதியை வேறு மருந்து கண்ட காம்ப்பெல், ஓமுரா ஆகிய இருவர் பகிர்ந்துகொண்டனர். டாக்டர் பட்டம் பெறாத, வெளிநாட்டில் படிக்காத ஒரு பெண்மணி, 84ஆம் வயதில் ஸ்டாக்ஹோமில் நின்று பரிசு பெற்றார். 2021இல் சீனம் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரிசு பழைய வைத்திய முறை முழுமைக்கும் அளிக்கப்பட்டதன்று. அதிலிருந்து தூண்டுதல் பெற்று, சோதித்து, புதிய மருந்து கண்டவருக்கே அளிக்கப்பட்டது என்று பரிசுக் குழுவினர் விளக்கம் கூறினர். சிங்ஹாவ் இலையைத் தேநீர் போலக் கொதிக்க வைத்துக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் இன்றும் ஆதரிக்கவில்லை. அதில் மருந்தின் அளவு போதாது. அரைகுறை மருந்து கிருமிக்கு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துவிடும்.

ஊசி சொல்லும் கதை

இனி பொன்னும் செம்பும் கலந்த அக்குபங்சருக்கு வருவோம்.

1971 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங் சென்றிருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. பெய்ஜிங் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு வயிறு உப்பி வலித்தபோது, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி வைத்து, மூலிகைச் சூடும் காட்டினர். வலி தணிந்ததாக அவர் எழுதினார். அக்கட்டுரைக்குப் பிறகே மேல்நாட்டு மக்களிடையே அக்குபங்சர் பெரும் பேச்சாயிற்று. ஆனால் செய்தி வாய்க்கு வாய் மாறி, மயக்க மருந்தே இல்லாமல் ஊசி வைத்து அவர் வயிற்றை அறுத்தார்கள் என்று பரவிவிட்டது. உண்மையில் அறுவைக்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்தே ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அக்குபங்சர் செய்தது மறுநாள் வலிக்குத்தான். ஒரு செய்தி கேட்பதற்கு வியப்பாக இருப்பதனால் மட்டும் உண்மையாகிவிடாது என்பதற்கு இஃது ஒரு பாடம்.

ஊசி வைத்தால் வலி குறைகிறதா என்பதை எப்படிச் சோதிப்பது? ஜெர்மனி நாட்டில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெடுநாள் முதுகுவலி உடைய 1,162 பேரை மூன்று பிரிவாக்கினர். முதற்பிரிவினருக்குச் சீன நூல்கள் கூறும் புள்ளிகளில் ஊசி வைத்தனர். இரண்டாம் பிரிவினருக்கு அப்புள்ளிகளை விட்டு விலகி, மேலோட்டமாக ஊசி வைத்தனர். இதைப் போலி ஊசி எனலாம். எந்த ஊசி தமக்கு வைக்கப்பட்டது என்பது நோயாளிக்குத் தெரியாது. மூன்றாம் பிரிவினருக்கு மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை அளித்தனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நல்ல பலன் கண்டவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 47.6 பேர், போலி ஊசிப் பிரிவில் 44.2 பேர்; வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 27.4 பேர்.

மாணவியரே, இக்கணக்கைச் சற்றுச் சிந்தியுங்கள். வழக்கமான சிகிச்சையைவிட ஊசி அதிகப் பலன் தந்தது என்பது உண்மை. ஆனால் சரியான புள்ளியில் குத்தினாலும், தவறான இடத்தில் குத்தினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது! அப்படியானால் குணமானதற்குக் காரணம் 'சீ' ஓடும் தடமா, அல்லது ஊசி நரம்பைத் தூண்டுவதா, அல்லது அன்போடு ஒருவர் அருகில் அமர்ந்து கவனிப்பதும் குணமாகும் என்ற நம்பிக்கையுமா? 2018இல் 39 ஆராய்ச்சிகளின் 20,827 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உண்மை ஊசி போலி ஊசியைவிடச் சற்றே மேலானது என்று தெரிந்தது. அந்த வேறுபாடு சிறியதே. ஊசி பட்டதும் வலியைத் தணிக்கும் எண்டார்பின் என்னும் பொருளை உடல் தானே சுரக்கிறது என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. உடலை அறுத்து ஆராய்ந்தவர் எவரும் 'சீ' ஓடும் குழாய்களைக் கண்டதில்லை.

ஆகவே அக்குபங்சருக்குரிய இடம் இதுவென்று ஒருவாறு வரையறுக்கலாம். முதுகுவலி, முழங்கால் மூட்டுவலி, அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் அது ஓரளவு உதவக்கூடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு, உள்மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் அகலம் மேலேயுள்ள 'நெய்குவான்' என்னும் புள்ளி பயன்படுகிறது. ஜெர்மனியில் 2007 முதல் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும், அமெரிக்காவில் 2020 முதல் முதியோரின் முதுகுவலிக்கும் அரசு சார்ந்த காப்பீட்டுத் திட்டங்கள் இதற்குப் பணம் தருகின்றன. ஆனால் கிருமியால் வரும் நோயையோ, புற்றுநோயையோ, நீரிழிவையோ ஊசி குத்திக் குணப்படுத்த முடியாது. ஊசி வைப்பவர் முறையாகப் பயின்றவராக இருக்க வேண்டும். ஊசி ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியப்படுவதாக இருக்க வேண்டும். இல்லையேல் மஞ்சள் காமாலை போன்ற நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடும்.

பெயர் மயக்கம் தந்த பேரிழப்பு

மூன்றாவது வரலாறு துயரமானது. பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், நலமாக இருந்த பெண்கள் சிலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் பழுதாயிற்று. மருத்துவர்கள் விசாரித்தபோது, அனைவரும் உடல் மெலிவதற்காக ஒரே இடத்தில் மருந்து உட்கொண்டவர்கள் என்று தெரிய வந்தது. அம்மருந்தில் சீன மூலிகைப் பொடி சேர்க்கப்பட்டிருந்தது. சேர்க்க நினைத்த மூலிகை ஒன்று, சேர்ந்ததோ வேறொன்று. இரண்டின் சீனப் பெயரிலும் 'ஃபாங்ஜி' என்னும் சொல் வருவதால் மூலிகை மாறிவிட்டது. மாறி வந்த செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்னும் நஞ்சு இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலர் தம் சிறுநீரகங்களை இழந்தனர். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது.

இஃது எங்கோ நடந்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். அதே இனச் செடிகள் நம் நாட்டிலும் உள்ளன. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய இரண்டும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. இவற்றிலும் அந்த அமிலம் உண்டு. எதையும் மேயும் ஆடுகூட வாய் வைக்காது என்று நம் முன்னோர் பெயரிலேயே எச்சரிக்கை வைத்துச் சென்றிருக்கிறார்கள்! மூலிகைதானே, பக்கவிளைவு இராது என்று சொல்பவர்கள் இவ்வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். இயற்கை தந்தது என்பது ஒன்றே ஒரு பொருளைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. சில செடிகளோ அளவுக்குள் இருந்தாலும் நஞ்சே.

நாம் கற்க வேண்டியது

இம்மூன்று வரலாறுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. பழைய வைத்தியத்தை மதிப்பது என்றால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதன்று. அதைச் சோதித்துப் பார்ப்பதே உண்மையான மதிப்பு. யூயூ பழைய ஏட்டை மூட நூல் என்று தூக்கி எறிந்திருந்தால் ஆர்ட்டெமிசினின் நமக்குக் கிட்டியிராது. அவ்வேட்டை அப்படியே நம்பிக் கஷாயத்தோடு நின்றிருந்தாலும் கிட்டியிராது. புனித பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவிலே தரும் அறிவுரையை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். சோதித்துப் பார்ப்பது விசுவாசக் குறைவன்று, கடமை என்பதை அங்கே காணலாம்.

நம் வீட்டு வழக்குக்குத் தீர்ப்பும் இதிலிருந்தே கிடைக்கிறது. காய்ச்சல் வந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்து, என்ன காய்ச்சல் என்று அறிய வேண்டும். மலேரியா போன்ற நோயில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. 2023இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். மருந்து இருந்தும் உரிய நேரத்தில் அது கைக்கு எட்டாததே பலருடைய சாவுக்குக் காரணம். நாட்டு மருந்து உட்கொள்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல கைராசிக்காரர் சொன்னாலும், காசநோய் மாத்திரையையோ, நீரிழிவு மருந்தையோ இடையில் நிறுத்தக் கூடாது. பாட்டியையும் நாம் பழிக்க வேண்டாம். அவர் சொல்லும் மூலிகை என்ன, அதை எந்த நோய்க்கு எப்படிக் கொடுத்தார் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளலாம். கே ஹாங் குறித்து வைத்ததால் அல்லவா 1,600 ஆண்டுக்குப் பின் ஓர் உண்மை வெளிப்பட்டது?

நிறைவாக ஒரு செய்தி. சிங்ஹாவ் செடியின் நெருங்கிய உறவுச் செடி ஒன்று உங்களுக்கு நன்கு பழக்கமானது. அது மலேரியா மருந்தன்று. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்தது. பூக்காரம்மா மல்லிகைச் சரத்தின் நடுவே வைத்துக் கட்டித் தரும் மணமுள்ள மரிக்கொழுந்துதான் அது! இனி அதைத் தலையில் சூடும் போதெல்லாம் தூ யூயூவை நினைத்துக்கொள்ளுங்கள். நோயால் பள்ளியை விட்டு இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்த ஒரு மாணவி, பொறுமையோடு படித்து, கேள்வி கேட்டு, சோதித்துப் பார்த்து, இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தார். நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயைக் கையில் பிடித்திருக்கும் உங்களுள் ஒருத்தியும் அவ்வாறு ஒரு நாள் உலகுக்குத் தொண்டு செய்ய இறைவன் அருள்வாராக!